2.5 கிகாஹெர்ட்ஸ் கல்வி அலைக்கற்றை: ஒரு பழங்குடி உரிமத்தை ஓடவிட்ட அனுபவம்

அமெரிக்காவில் ஒரு பழங்குடி நிலத்துக்கு 2.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் வாங்கி எல்டிஇ (4ஜி இணையச் சேவை) ஓடவிட்ட வேலையில் ரேடியோ பக்கத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். விண்ணப்ப ஜன்னல் 2020 செப்டம்பர் 2-ஆம் தேதியோடு மூடிவிட்டது. ஆனால் கையில் உரிமம் உள்ள சமூகத்தோடு வேலை செய்யவோ, எஃப்சிசி-யின் (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) படிவம் 608 போட்டு அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுக்கவோ இன்றும் வழி இருக்கிறது. அப்படி இறங்குபவர்களுக்காக இந்தக் குறிப்பு.

பின்னணி சுருக்கமாக. 1963-ல் பள்ளிகளுக்குப் பாடம் ஒளிபரப்ப ஒதுக்கிய பட்டை இது. 2004-ல் சேனல்களை மாற்றி அடுக்கி, இபிஎஸ் (கல்வி பிராட்பேண்ட் சேவை) என்று பெயர் வைத்து பிராட்பேண்டுக்குத் திறந்துவிட்டார்கள். பெரும்பாலான கல்வி நிறுவனங்கள் தாங்களாக எதையும் கட்டவில்லை. 5 சதவீதத்தைக் கல்விக்கு வைத்துக்கொண்டு மீதியை மொபைல் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டன. 1990-களின் நடுவிலிருந்து புது உரிமம் வழங்குவது நின்றுபோனதால், மேற்கு மாநிலக் கிராமப்புறத்தில் பட்டை சும்மா கிடந்தது. 2019 ஜூலையில் எஃப்சிசி கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்ற விதியை எடுத்துவிட்டு, கிராமப்புறப் பழங்குடிகளுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தது. மிச்சம் 2022-ல் 108-ஆம் ஏலத்துக்குப் போனது. 8,017 உரிமங்களில் 7,156-ஐ டி-மொபைல் எடுத்தது. ஆக, உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் யார் என்பது அநேகமாக முடிவாகிவிட்ட விஷயம்.

அந்த ஜன்னலில் படிவ வேலை பெரிதாக இருக்கவில்லை. எஃப்ஆர்என் (எஃப்சிசி பதிவு எண்) வாங்கி, யுஎல்எஸ் என்ற எஃப்சிசி உரிமத் தளத்தில் படிவம் 601. கூட்டரசு அங்கீகரித்த பழங்குடியாக இருக்க வேண்டும், நிலம் கிராமப்புறமாக இருக்க வேண்டும், அங்கேயே அவர்களுக்கு இருப்பு வேண்டும், அலைக்கற்றை யாருக்கும் ஒதுக்கப்படாததாக இருக்க வேண்டும் என்பவை அன்றைய நிபந்தனைகள். முதல் மூன்றுக்கும் கடிதங்கள் போதுமாயிருந்தன. கடைசி நிபந்தனையில்தான் உண்மையான உழைப்பு.

நில எல்லையை ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாகத் தர வேண்டியிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் கோப்பிலிருந்து எடுத்தால், ரிசர்வேஷன் (பழங்குடிக்கு ஒதுக்கிய நிலம்) ஒரு பாலிகனாகவும் அதற்கு வெளியே சிதறிக் கிடக்கும் டிரஸ்ட் நிலங்கள் (பழங்குடிக்காகக் கூட்டரசு பொறுப்பில் வைத்திருப்பவை) தனிப் பாலிகன்களாகவும் வரும். பெரியதை மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் டிரஸ்ட் நிலத்தில் இருக்கும் வீடுகள் உரிமத்துக்கு வெளியே போயிருக்கும். ஜிப் செய்யும்போது, எந்த ஆயத்தொலை முறை என்று சொல்லும் ப்ராஜெக்‌ஷன் கோப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பழைய உரிமங்களின் வட்டங்கள். ஒவ்வொன்றும் 35 மைல் ஆரம், அதாவது சுமார் 56 கிலோமீட்டர். ஒரே சேனலில் இரண்டு வட்டங்கள் மோதும் இடத்தில், வெட்டும் புள்ளிகள் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து ஆளுக்குப் பாதி. வட்டம் சேனல் குழுவுக்குக் குழு மாறும் என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஏ குழு ஒரு கல்லூரியிடம் இருக்கும், பி குழு 40 மைல் தள்ளி ஒரு பள்ளி மாவட்டத்திடம் இருக்கும். உங்கள் உரிமத்தில் "சேனல் 1, 49.5 மெகாஹெர்ட்ஸ்" என்று ஒரே வரியாகத்தான் அச்சாகியிருக்கும். தரையில் பார்த்தால் நிலத்தின் கிழக்குப் பாதியில் பி குழு கிடையாது.

இது நேராக கேரியர் (ஒலிபரப்பும் அலைத் துண்டு) திட்டத்தில் வந்து இடிக்கும். சேனல் 1 என்பது 2502 முதல் 2551.5 வரை, ஏ, பி, சி குழுக்கள் தலா 16.5 மெகாஹெர்ட்ஸ். எல்லாம் காலியாக இருந்தால் 20 மெகாஹெர்ட்ஸ் கேரியர் இரண்டு: மையம் 2512 (இயர்ஃப்சிஎன் எனும் அலைவரிசை எண் 39810), 2532 (40010). பி குழு இல்லாத இடத்தில் முதல் கேரியரே 2518.5-ஐத் தாண்டிவிடுகிறது. அங்கே 15 மெகாஹெர்ட்ஸ்தான் உட்காரும். நட்ட நடுவான 2510.25-ல் வைக்க முடியாது, 100 கிலோஹெர்ட்ஸ் படியில்தான் நகர்த்தலாம் என்பதால் 2510.2, அதாவது 39792. வீட்டுக் கருவி 15 மெகாஹெர்ட்ஸை ஏற்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஏற்காவிட்டால் 10-க்கு இறங்க வேண்டியதுதான். சேனல் 2 (2551.5–2602) சேனல் 1-ஐத் தொட்டுக்கொண்டே போகிறது. இரண்டும் முழுசாகக் கிடைத்தவர்களுக்குச் சரியாக 100 மெகாஹெர்ட்ஸ், 5ஜி-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சேனல் 3-ன் 17.5-ல் 16.5 மட்டும் ஒரே துண்டு. மீதி 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளிக் கிடக்கிறது, எல்டிஇ-க்கு உதவாது.

பேண்ட் 41 (இந்தப் பட்டையின் எல்டிஇ பெயர்) டிடிடி, அதாவது ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசியும் கேட்டும் இயங்குவது என்பதால் நேர ஒத்திசைவு இல்லாமல் எதுவும் நடக்காது. நீங்கள் கேட்கும் நேரத்தில் பக்கத்துக் கோபுரம் பேசினால் உங்கள் அப்லிங்க் செத்துவிடும். விளைவு விசித்திரமாக இருக்கும்: வீட்டில் சிக்னல் நன்றாகக் காட்டும், ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோடு சுமாராக ஓடும், அப்லோடு பூஜ்யம். பெரும்பாலும் குற்றவாளி, கோபுரத்துக்கு நேரம் தரும் ஜிபிஎஸ்தான். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குக் கேபிள் வழியாகவே டிசி மின்சாரம் போகிறது. டிசி-யைத் தடுக்கும் வகை இடிதாங்கியைப் போட்டுவிட்டால் ஆன்டெனா உயிரே பெறாது. டிசி-யைக் கடத்தும் வகை என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒத்திசைவு போய் ஹோல்டோவர் நேரமும் (சொந்தக் கடிகாரத்தில் தாக்குப்பிடிக்கும் நேரம்) தீர்ந்தால் ஒலிபரப்பை நிறுத்தும்படி பேஸ் ஸ்டேஷனை அமைத்துவிடுங்கள். கோபுரம் தானாக அணைவது பக்கத்து உரிமதாரரின் வக்கீல் கடிதத்தைவிட மேல்.

பேசும், கேட்கும் நேரத்தைப் பங்கிடும் அமைப்புகளில் ஃபிரேம் அமைப்பு 2, சிறப்பு சப்ஃபிரேம் 7 என்பது பரவலாக ஓடும் ஜோடி. அதில் பேசுவதிலிருந்து கேட்பதற்கு மாறும் இடைவெளி 2 சிம்பல் (மிகச் சிறு நேரத் துணுக்கு) மட்டுமே. சுமார் 21 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வீடு கோபுரத்தைக் கேட்கும், ஆனால் இணையாது. ஆன்டெனாவை மாற்றிப் பயனில்லை, அது ஒளியின் வேகத்தோடு சண்டை. சிறப்பு சப்ஃபிரேம் 5-க்கு மாற்றினால் 9 சிம்பல் கிடைத்து தூரம் நீளும், வேகம் கொஞ்சம் குறையும். பாலைவன நிலத்தில் இந்த ஒரு அமைப்பே சில வீடுகளைக் காப்பாற்றும்.

எல்லையில் மின்புல அளவு 47 டிபி மைக்ரோவோல்ட்/மீட்டரைத் தாண்டக்கூடாது. எல்லையை ஒட்டிய மேட்டில் ஏற்கெனவே ஒரு கோபுரம் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஏறினால் இந்த வரம்பில் மாட்டுவீர்கள். நிலத்தின் உள்ளே தாழ்வான இடம், எல்லைக்கு முதுகு காட்டும் செக்டர் (ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனாப் பகுதி), ஆன்டெனாவுக்கு நாலைந்து டிகிரி கீழ்நோக்கிய சாய்வு: பல இடங்களில் இதுவே நல்ல பலன் தரும்.

புதுக் கோபுரம் என்றால் படிவம் 620, பழம்பொருள், மயான இட ஆய்வு, நிலக் குத்தகை ஒப்புதல். 200 அடியைத் தாண்டினால் பதிவும் சேரும். கால அட்டவணையில் ரேடியோவைவிட இதற்கு அதிகம் ஒதுக்குங்கள். பேக்ஹாலையும் (கோபுரத்தை இணையத்தோடு இணைக்கும் தொடர்பு) கோபுர இடம் முடிவாகும் முன்பே பேசி வையுங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் செக்டர் ஒன்று உச்சத்தில் நொடிக்கு சுமார் 110 மெகாபிட் இழுக்கும். மூன்று செக்டருக்கு 300-க்குக் குறையாமல் திட்டமிட வேண்டும்.

வீட்டுக் கருவி கூரைக்கு வெளியேதான். தகரக் கூரைக்குள் 2.5 கிகாஹெர்ட்ஸை எதிர்பார்க்காதீர்கள். நனைந்த பைன் மரத்தையும் அது லேசில் தாண்டாது. ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலிமை) −105-க்கு மேலும், சைனர் (இரைச்சலை மிஞ்சும் சிக்னல் அளவு) 10-க்கு மேலும் வரும் இடத்தைத் தேடிப் பொருத்துங்கள். −115-லும் இணைப்பு வரும், ஆனால் வீடியோ வகுப்பில் பிள்ளைகளின் முகம் உறைந்தே இருக்கும்.

கடிகாரம் உரிமம் கிடைத்த நாளிலேயே ஓடத் தொடங்குகிறது: இரண்டு ஆண்டில் மக்களில் 50 சதவீதம், ஐந்து ஆண்டில் 80. மக்கள்தொகைதான் கணக்கு, பரப்பளவு அல்ல. அதனால் முதல் கோபுரம் வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஊருக்கு. நிபந்தனைகள் நிறைவேறும்வரை உரிமத்தைக் கைமாற்ற முடியாது, குத்தகைக்கு விடலாம். நிரூபணமும் அதே படிவம் 601-தான், கட்டுமான அறிவிப்பு வகையில், கவரேஜ் வரைபடத்தோடு. நாள் தவறிவிடும் என்று தெரிந்தால் நீட்டிப்பு மனு கெடு தீர்வதற்கு முன்பே யுஎல்எஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.