மூளைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

வலது கைவிரல்கள் தானாகத் துடித்தன. பேச வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. அதுவரைதான் நினைவு. 34 வயதுவரை எனக்கு வலிப்பு வந்ததே இல்லை.

சி.டி. ஸ்கேனில் மூளையின் இடதுபக்கம் வளையம்போல ஒன்று, சுற்றிலும் வீக்கம். காசநோய்க் கட்டி, பன்றி நாடாப்புழுவின் லார்வா (இளம்புழு), புற்றுநோய், மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்றார் நரம்பியல் மருத்துவர். மூன்றாவதைக் கேட்ட பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

வலிப்பு மாத்திரை அன்றே தொடங்கியது. "காசநோய் மருந்தையும் ஆரம்பித்துவிடலாமே டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அந்த நிதானத்தை நான் மறக்க மாட்டேன். எம்.ஆர்.ஐ. படத்தில் 12 மில்லிமீட்டர் நீர்ப்பை, அதற்குள் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. "இது புழுவின் தலை" என்று விரல் வைத்துக் காட்டினார். தலை தெரிந்துவிட்டால் நாடாப்புழு நோய் உறுதி. காசநோய்க் கட்டி பெரும்பாலும் 20 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், ஓரங்களும் சீராக இருக்காது என்றார்.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுபடி பயம். ஒரே ஒரு நீர்ப்பை இருந்தால் ரத்தத்தில் புழுவை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் பிடிபடாமல் போவது உண்டு, படத்தை நம்புங்கள் என்றார்.

பன்றி இறைச்சியே தொடாத எனக்கு இது எப்படி வந்தது? சரியாக வேகாத இறைச்சியால் வருவது குடலில் வளரும் புழு. மூளையைத் தாக்குவது அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளியேறி, கழுவாத கையிலோ உணவிலோ தண்ணீரிலோ ஒட்டிக்கொண்டு அடுத்தவர் வாய்க்குள் போகிறது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்தார்கள். யாருக்கும் இல்லை. எங்கே பிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் கண் பரிசோதனை. மூளை நோய்க்குக் கண்ணைப் பார்ப்பானேன் என்று எரிச்சலாக இருந்தது. கண்ணுக்குள்ளும் நீர்ப்பை இருந்து, மருந்தில் அது செத்தால், அந்த அழற்சியில் பார்வையே போகக்கூடும் என்றதும் வாயடைத்துப்போனேன். கண் சுத்தமாக இருந்தது. அதன் பிறகே புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரை, 10 நாள். சாகும் புழுவைச் சுற்றி வீக்கம் கூடும் என்பதால் கூடவே ஸ்டீராய்டு.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சுண்ணாம்பாக இறுகிய ஒரு சிறு தழும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தத் தழும்பாலும் வலிப்பு வரலாம் என்பதால் வலிப்பு மாத்திரை தொடர்கிறது.