தூத்துக்குடி வருதே?

2017 ஒக்டோபர் 8, ஞாயிறு

அம்மா இன்றைக்கும் அதையேதான் கேட்டார். "செட்டிகுளத்தில தூத்துக்குடி வருமே பிள்ளை?"

அம்மாவுக்குத் தூத்துக்குடி என்றால் தூத்துக்குடி வானொலி. பேசாலையை விட்டுச் செட்டிகுளத்தில் அக்கா வீட்டுக்குப் போகப்போகிறோம், அங்கேயும் அது எடுக்குமா என்றுதான் கேட்கிறார். வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன், எதை வைத்துச் சொன்னேன்?

ஒக்டோபர் 9, திங்கள்

நித்திரை வரவில்லை. எழும்பிக் கணக்குப் போட்டேன்.

தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு கிலோமீற்றர் தூரத்தில் மீற்றருக்கு 300 மில்லிவோல்ட் என்று எடுப்பார்கள். சக்தி 200 மடங்கானால் அலையின் வலிமை 200 மடங்காகாது, வர்க்கமூலம்தான், 14 மடங்கு. ஆக 4,200 சொச்சம். பேசாலைக்கும் தூத்துக்குடிக்கும் நான் வரைபடத்தில் அளந்தது 186 கிலோமீற்றர். வகுத்தால் 22, 23 வருகிறது. பூமியின் வளைவு கொஞ்சம் தின்னும், 15 என்று வைக்கிறேன். கையடக்க ரேடியோவுக்கு ஒரு மில்லிவோல்ட் கிடைத்தாலே சத்தம் தெளிவாக இருக்கும். இங்கே பதினைந்து! நடுவில் மன்னார் வளைகுடாவைத் தவிர வேறொன்றும் இல்லை, உப்புத்தண்ணீர் அலையை அப்படியே கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறது. அம்மாவின் ரேடியோ ஏன் எந்த மூலையில் வைத்தாலும் பாடுகிறது என்று இப்போது எண்ணில் பார்க்கும்போது சந்தோஷமாக இருந்தது.

செட்டிகுளத்துக்கு நாளை.

ஒக்டோபர் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நேரமில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

செட்டிகுளம் 236 கிலோமீற்றர். தூரம் பிரச்சினை இல்லை, ஐம்பதுதான் கூட. பிரச்சினை தரை. தூத்துக்குடியிலிருந்து கோடு கிழித்தால் சிலாவத்துறைப் பக்கம் கரை ஏறுகிறது. அதுவரை 196 கிலோமீற்றர் கடல், பிறகு 40 கிலோமீற்றர் காய்ந்த மண், பற்றைக்காடு. கடல்நீரின் கடத்துதிறன், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் அளவு, மீற்றருக்கு 5 சீமென்ஸ் அளவு. இந்த மண்ணுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்க மனம் வரவில்லை, 0.003 என்று எடுத்தேன்.

பாதி கடல், பாதி தரை என்றால் மில்லிங்டன் என்பவர் 1949இல் சொன்ன வழி இருக்கிறது. கடலில் தொடங்கித் தரையில் முடியும் பாதையாக ஒரு முறை, திருப்பித் தரையில் தொடங்கிக் கடலில் முடிவதாக ஒரு முறை, இரண்டையும் டெசிபலில் எடுத்துச் சராசரி. மீற்றருக்கு ஒரு மைக்ரோவோல்ட்டைப் பூச்சியமாக வைத்தால் போகும் கணக்கு 77 டெசிபல், திரும்பும் கணக்கு 62. சராசரி ஏறக்குறைய 70. அதாவது மீற்றருக்கு 3 மில்லிவோல்ட்.

பதினைந்து மூன்றாகிறது. 196 கிலோமீற்றர் கடல் செய்யாததை 40 கிலோமீற்றர் மண் செய்துவிடுகிறது.

மூன்று போதும். ஒன்றுக்கு மேல் மூன்று. போதும் என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

இதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. தரையைக் கடந்து மெலிந்த அலை மறுபடி கடலைத் தொட்டால் கொஞ்ச தூரத்துக்கு அதன் வலிமை கூடுகிறது. குறைந்த பிறகு கூடுவது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பாதையில் அது இல்லை, செட்டிகுளத்துக்கு அப்பால் கடல் வர வெகுதூரம்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

அம்மாவின் கிரியேட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை.

ஒக்டோபர் 21, சனி

ரேடியோவை எடுத்துக்கொண்டு ரயிலில் போய்வந்தேன். பெட்டிக்குள் ஒன்றும் எடுக்காது, இரும்புக் கூடு. ஒவ்வொரு நிலையத்திலும் வாசலில் நின்று வெளியே நீட்டிக் கேட்டேன். ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டேன்.

பேசாலை 5. மன்னார் 5. முருங்கன் 4. மடு வீதி 4, ஆனால் பின்னால் இரைச்சல். செட்டிகுளத்தில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடந்தேன். வேலியோரம் 4. திண்ணையில் 3. அம்மாவுக்கு ஒதுக்கிய அறையில், கட்டில் தலைமாட்டில், 2.

அக்காவிடம் கட்டிலை மேற்குச் சுவர்ப் பக்கம் போடலாமா என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி வாசலுக்கு நேரே வேணும், இரவில அவவைத் தூக்க வேண்டி வந்தால்?" என்றாள். சரிதான். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரேடியோவின் ஃபெரைட் கம்பியின் நுனியை மேற்கே காட்டினால் தூத்துக்குடி மறைந்துபோகும், கம்பி வடக்கு தெற்காகக் கிடந்தால் முழுதாக வரும். அக்கா வீட்டு அலுமாரித் தட்டு கிழக்கு மேற்காக இருக்கிறது. அதில் வைக்கக்கூடாது என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

"போய்ப் பாத்தனியே, வந்ததே?"

"வந்ததம்மா. வேலியடியில் நல்லா வந்தது."

"நான் வேலியடியிலயே படுக்கப்போறன்?"

நவம்பர் 2, வியாழன்

ஆத்துமாக்கள் தினம். அம்மாவைக் கதிரையில் வைத்தே சேமக்காலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி நிற்கவில்லை, காற்று. அம்மா கையால் மறைத்துக்கொண்டே இருந்தார்.

போர் நடந்து பற்றரி விற்கத் தடை இருந்த காலத்தில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்கு. வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும், அம்மா "சுத்துங்கோ, சுத்துங்கோ" என்பார். கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றுவார். எனக்கும் சுற்றத் தருவார், என் கைக்குச் செய்தி முடியும்வரை தாங்காது. தூத்துக்குடி, இல்லாவிட்டால் திருச்சி. வடக்கில் எத்தனை வீடுகளில் இப்படிச் சுற்றினார்களோ. அந்த ரேடியோவின் பெட்டி இப்போதும் பரணில் கிடக்கிறது.

அப்பாவை இங்கே விட்டுவிட்டுப் போகிறோம். அம்மா அதைச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு

வந்துவிட்டோம்.

நவம்பர் 6, திங்கள்

இரவு முழுக்க உர்ர்ர் என்று ஒரே இரைச்சல். 3 மில்லிவோல்ட் என்று கணக்குப் போட்டவன் இரைச்சலைக் கணக்கில் எடுக்கவில்லை. அதுதான் பிழை. அலை எவ்வளவு வருகிறது என்பது பாதிக் கேள்வி, எதற்கு மேலால் வருகிறது என்பது மற்றப் பாதி.

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். அறை எல்.ஈ.டி. பல்ப்: நிறுத்தினால் பாதி குறைகிறது. அக்காவின் ஃபோன் சார்ஜர்: இன்னும் கொஞ்சம். மிச்சம் பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து, கம்பி வழியாக. அவர்களிடம் என்னவென்று போய்ச் சொல்வது?

பழைய குண்டு பல்ப் ஒன்று தேடி வாங்கி அம்மாவின் அறையில் போட்டேன். அக்கா கரண்ட் பில்லைப் பற்றிச் சொன்னாள், பிறகு தானே "பரவாயில்லை விடு" என்றாள்.

நவம்பர் 7, செவ்வாய்

டயலிசிஸ். மழை. வரும் வழியில் அம்மா வாந்தி எடுத்தார்.

நவம்பர் 9, வியாழன்

பகலில் கேட்கிறது. அம்மா கேட்பது மாலையில், செபமாலை முடிந்த பிறகு. அப்போதுதான் கெட்டுப்போகிறது. குரல் ஊதி வருகிறது, சட்டென்று கீழே போகிறது, சொற்கள் தண்ணீருக்குள் பேசினதுபோல் குழைகின்றன.

காரணம் தெரியும். பகலில் வானத்தின் கீழ் அடுக்கு நடு அலையை விழுங்கிவிடும், தரையோடு வருவது மட்டும்தான் மிஞ்சும். பொழுது பட்டதும் அந்த அடுக்கு கலைந்துபோகும், மேலே அடித்துத் திரும்பும் அலையும் வந்து சேரும். பேசாலையில் தரையலை அவ்வளவு பலமாக இருந்ததால் வானலை வந்ததே தெரியவில்லை. இங்கே இரண்டும் ஏறக்குறைய சமம். ஒரே நிலையத்தின் இரண்டு அலை ஒன்றையொன்று வெட்டுகிறது. இரண்டுமே தூத்துக்குடி! இதற்கு மருந்து இல்லை. இன்னும் தூரம் போனால் வானலை மட்டும் கிடைக்கும், கரைக்குக் கிட்டப் போனால் தரையலை ஆளும். நாங்கள் வந்து குடியேறியிருப்பது சரியாக அந்த நடுவில்.

ஒரு தடவையாவது இருட்டின பிறகு வந்து கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒக்டோபர் 21 பகல் ரயிலிலேயே திரும்பிவிட்டேன்.

திருச்சி 936 இரவில் பரவாயில்லை. புத்தளம் 882, 400 கிலோவாட், சுவரே அதிர வரும். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது அதுவல்ல. தூத்துக்குடிதான் மீனவர்களுக்கான காற்று அறிவிப்பைச் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு, அக்கரையில் இருக்கும் தன் தங்கச்சியை நினைத்து, "அப்ப தங்கச்சி நாளைக்கு மீன் வாங்கமாட்டாள்" என்பார். இல்லாவிட்டால் "நாளைக்கு அவளுக்கு நல்ல சாளை கிடைக்கும்." 1990இலிருந்து இப்படித்தான்.

நவம்பர் 12, ஞாயிறு

அலையைப் பிடிக்க அன்டெனாச் சட்டம் ஒன்று அடித்தேன். 60 சென்ரிமீற்றர் சதுரம், பன்னிரண்டு சுற்று வயர், பரணிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இருந்த, நிலையம் பிடிக்கத் திருகும் கேங் கண்டென்சர். ரேடியோவோடு எந்த வயரும் தொடுக்கத் தேவையில்லை, பக்கத்தில் வைத்துத் திருகினால் போதும். ஒரு புள்ளியில் 1053 விழித்துக்கொண்டதுபோல் எழுந்தது. சட்டத்தைத் திருப்பிப் பக்கத்து வீட்டு இரைச்சலை அடக்கவும் முடிந்தது. கட்டில் தலைமாட்டில் பகலில் 4!

இரவுக் குழைவு அப்படியே. சட்டத்துக்கு எந்த அலை தரையால் வந்தது, எது மேலால் வந்தது என்று தெரியாது.

அப்பாவின் கண்டென்சர் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அதன் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, சனி

பத்து நாளாக மழை. காலபோக வயலெல்லாம் தண்ணீர். பகல் அலை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நனைந்த மண் நன்றாகக் கடத்தும், அதனால் இருக்கலாம். ஆசையில் காது அப்படிக் கேட்கிறதோ என்றும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 24, வெள்ளி

அம்மா மூன்று நாளாகத் தூத்துக்குடியைக் கேட்கவில்லை. வருகிறதா என்றும் கேட்கவில்லை.

நவம்பர் 30, வியாழன்

இரவிலிருந்து பேய்க்காற்று. புயலுக்கு ஒக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ரேடியோ முழுக்க மின்னல் கீறல். 1053இல் ஒரு சொல், பிறகு கீறல், பிறகு ஒரு சொல். "கன்னியாகுமரி" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அம்மா எழும்பி உட்கார்ந்துவிட்டார். "என்ன சொல்லுறான்? என்ன சொல்லுறான் பிள்ளை?"

சின்னம்மாவின் ஃபோன் எடுபடவில்லை. பதினொரு தடவை.

டிசம்பர் 1, வெள்ளி

கரண்ட் போய்விட்டது. எங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீடு, றோட்டு, எல்லாம். இரைச்சல் அப்படியே அறுந்து விழுந்தது. இப்படியொரு அமைதியை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. ரேடியோவை வைத்தால் தூத்துக்குடி பேசாலையில் வருவதுபோல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, தேடுகிறார்கள் என்று சொன்னார்கள். அம்மா செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு முழுதையும் கேட்டார். நானும் அக்காவும் கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் இருந்தோம்.

ஆசைப்பட்டது இந்த அளவு தெளிவைத்தான். இந்தச் செய்திக்காக அல்ல.

டிசம்பர் 3, ஞாயிறு

சின்னம்மா எடுத்துவிட்டா! ஓடு பறந்ததாம், ஆளுக்கு ஒன்றுமில்லையாம். அம்மா ஃபோனில் முதல் கேட்டது: "அங்க மீன் இருக்கே?"

டிசம்பர் 4, திங்கள்

கரண்ட் வந்தது. இரைச்சலும்.

"பக்கத்து வீட்டுக்காரரோட நான் கதைக்கிறன்" என்று அம்மாவே சொல்லுகிறார். எப்படிக் கதைக்கப்போகிறாரோ.

டிசம்பர் 5, செவ்வாய்

காலை 5.50. புள்ளி 4, இன்னும் கொஞ்சம் குழைவு. வாகனம் ஆறு மணிக்கு. அம்மாவை எழுப்ப வேண்டும்.