குத்தினாரா, குத்தினாராமா?

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

(வழக்கின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சீனியர் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியமும் உண்டு.)

2022-இல் நடந்த ஒரு கொலை வழக்கு. நாங்கள் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வக்கீல்கள். இன்று அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி, தெருமுனையில் பூ கட்டி விற்கும் அம்மா. கூண்டில் ஏறியதும் கும்பிட்டார். "சத்தம் கேட்டு ஓடியாந்தேன் சார். இவருதான் குத்துனாராம்" என்றார். வாக்குமூலத்தில் அது "எதிரிதான் குத்தினார்" என்று ஏறிவிட்டது. நான் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். சீனியர் பெஞ்சுக்கு அடியில் என் காலை மிதித்தார்.

குறுக்கு விசாரணையில் அவர் அதிகம் கேட்கவில்லை.

"நீங்க குத்துனத பாத்தீங்களாம்மா?"

"நான் எங்க சார் பாத்தேன், எதிர்வூட்டு அக்காதான் சொல்லிச்சு."

அந்த எதிர்வீட்டு அக்கா சாட்சிப் பட்டியலில் இல்லை.

தம்பு செட்டித் தெரு ஆபீசுக்கு நடக்கும்போது சீனியர் சொன்னார்: "இங்கிலீஷ்காரனுக்கு இதப் புரிய வைக்க ஒரு புஸ்தகம் வேணும். நமக்கு 'ஆம்'னு ரெண்டு எழுத்து போதும். அதையும் கோட்டை விட்டுட்டியே."

5 ஆகஸ்ட்

உண்மைதான். வந்தான், வந்தானாம். செத்தார், செத்தாராம். கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு எனக்கில்லை என்று நம் வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. எழுத்தில் ஏறும்போதுதான் அது உதிர்ந்துபோகிறது.

செவிவழிச் சாட்சியத்தை, அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதை, ஒதுக்கும் விதி பழைய சாட்சியச் சட்டத்தில் 60-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 55. எங்கள் வழக்கு அதற்கு முன்பே நிலுவையில் இருந்ததால் 1872-ஆம் வருடச் சட்டமே ஓடுகிறது. ஜூனியர்கள் எல்லோரும் இப்போது இரண்டு நம்பர்களோடு அலைகிறோம். சாரம் மாறவில்லை. பார்த்ததைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவர் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்கா எங்கே நின்றார், தெருவிளக்கு எரிந்ததா, எதிரியோடு பழைய பகை உண்டா என்று பூக்கார அம்மாவிடம் கேட்டு என்ன பயன்? பதில் சொல்ல வேண்டியவர் கூண்டில் இல்லை. செவிவழிச் சாட்சியத்தை ஒதுக்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

7 ஆகஸ்ட்

இன்று அசிங்கப்பட்டேன். ஐந்தாம் சாட்சி டீக்கடைக்காரர். "ரெண்டு நாளு முன்னாடி இவரு கடை வாசல்ல நின்னு, உன்ன விடமாட்டேன்டான்னு கத்துனாரு" என்றார். திங்கட்கிழமைக் கடனைத் தீர்க்கும் வேகத்தில் எழுந்து, "அப்ஜெக்‌ஷன், செவிவழிச் சாட்சியம்!" என்றேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கத்தினது உங்க கட்சிக்காரர். கேட்டது இந்த சாட்சி. இதுல எங்கம்மா செவிவழி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்தேன். இந்த முறை சீனியர் காலை மிதிக்கக்கூட இல்லை, அதுதான் வலித்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலிருந்து ஹாஸ்டல் மொட்டைமாடியில் தீர்ப்புகள். சுப்பிரமணியம் வழக்கைக் கல்லூரியில் ஒரு வரியில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். மலாயாவில் அவசரநிலைக் காலம், 1955. ஜொகூரில் காயத்தோடு பிடிபட்டவரிடம் 20 துப்பாக்கி ரவைகள் இருந்தன. அதற்குத் தூக்கு. பயங்கரவாதிகள் என்னைப் பிடித்து வைத்து மிரட்டினார்கள் என்பது அவர் வாதம். என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று ஆரம்பித்ததும் விசாரணை நீதிபதி தடுத்துவிட்டார்: அவர்கள் சாட்சி சொல்ல வரவில்லையே, அது செவிவழி!

1956-இல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் காலனிகளுக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றம்) தண்டனையை ரத்து செய்தது. அந்தப் பேச்சு உண்மையா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. அப்படி ஒரு பேச்சு அவர் காதில் விழுந்ததா, விழுந்து பயந்தாரா என்பதுதான் கேள்வி. வாயைத் திறக்க விடாததால் ஒருவர் கயிற்றுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்திருக்கிறார்.

என் டீக்கடைக்காரர் விஷயமும் இதே கதைதான். "விடமாட்டேன்" என்பது இன்னொரு சம்பவத்தைப் பற்றிய தகவல் இல்லை. அந்த மிரட்டலே ஒரு சம்பவம். போதாக்குறைக்கு, சொன்னது எதிரியேதான். அவர் வாய்ச்சொல்லை அவருக்கு எதிராகவே கொண்டுவரலாம். இரண்டு பக்கமும் எனக்கு அடி. சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று மட்டும் பார்த்திருக்கிறேன், எதற்காகக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கவில்லை.

12 ஆகஸ்ட்

மரண வாக்குமூலம் பதிவு செய்த மாஜிஸ்திரேட் இன்று சாட்சி. குத்துப்பட்டவர் ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் இறந்தார். அதற்கு முன், மாஜிஸ்திரேட் போலீசை வெளியே அனுப்பிவிட்டு, கேள்வியும் பதிலுமாக எழுதியிருக்கிறார். ஒன்றரைப் பக்கம். கடைசியில் இடது பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. "யார் குத்தியது?" என்பதற்குப் பதில், "அவன்தான் குத்துனான்." அதில் அந்த 'ஆம்' இல்லை.

மாஜிஸ்திரேட்டும் குத்தியதைப் பார்க்கவில்லை, பூக்கார அம்மாவும் பார்க்கவில்லை. ஆனால் இவர் சொன்னால் செல்லும். பழைய 32(1), புதிய 26(அ). சொன்னவர் தன் சாவின் காரணத்தைச் சொல்லி இறந்துவிட்டார், இனி அவரைக் கூப்பிட முடியாது, அதனால் இந்த விலக்கு. சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய விதி. நம் சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆள் பிழைத்துக்கொண்டால் இதே தாள் மரண வாக்குமூலம் ஆகாது.

அவர் நினைவு தெளிவாக இருந்தது என்று டாக்டர் சர்டிபிகேட் இல்லையே, அதை வைத்து வாதாடலாமா என்றேன். "2002 லக்ஷ்மண் தீர்ப்பைப் படி" என்றார் சீனியர். படித்தேன். நினைவு தெளிவாக இருந்தது என்று மாஜிஸ்திரேட் திருப்தியடைந்தால் போதும், சர்டிபிகேட் இல்லாததே ஒரு ஓட்டை ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சீனியர் வேறு வழியில் போனார்: மாஜிஸ்திரேட் வருமுன் கட்டிலருகே யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள்? செத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, சுற்றி நின்றவர்களைச் செய்யலாம்.

14 ஆகஸ்ட்

பிராட்வே பஸ் நிறுத்தத்தில் பூக்கார அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். வழக்கு பற்றிப் பேசக்கூடாதும்மா என்று நகர்ந்தேன். விடவில்லை.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலியே. நான் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாமே?"

"யாரும் பொய்னு சொல்லலம்மா. பார்த்தவங்க வந்து சொல்லணும், அவ்வளவுதான்."

"அந்தக்கா எங்க வர்றது? வூட்ட காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆவடி பக்கம் இருக்காங்களாம்."