குயில் சத்தமும் பைத்தான் 3.9-உம்

பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வைத்து, எதிர்வீட்டு வேப்பமரத்துக் குயிலின் குரலைப் பதிவு செய்து வருகிறேன். விடியும் முன்பே கூவ ஆரம்பித்துவிடும். பதிவில் ரயில் ஹாரனும் பால் வண்டியும் சேர்ந்தே விழும். குயிலின் குரலை மட்டும் வடிகட்டி எடுக்க சைபை தேவைப்பட்டது; பைத்தான் நிரல்மொழியில் கணக்கீடுகளுக்கான நூலகம் அது.

தொடங்கியது 2023 மார்ச்சில். மாடிக் கருவியில் பைத்தான் 3.9, லேப்டாப்பில் உபுண்டு 22.04 இயங்குதளத்துடன் வந்த 3.10. ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டும். நூலகங்களைத் தேடி நிறுவித்தரும் பேக்கேஜ் மேனேஜரான போயட்ரியில் பைத்தான் பதிப்பை ^3.9 என்று எழுதி, சைபையைச் சேர்க்கச் சொன்னேன். அப்போது சைபை 1.10.1 வந்திருந்தது. போயட்ரி எடுத்ததோ 1.6.1, 2021-இல் வந்தது. பைத்தான் 3.10-க்கு அதில் வீல் கோப்பு, அதாவது முன்பே கட்டி வைத்த ஆயத்தக் கோப்பு, கிடையாது. மூலநிரலிலிருந்து கட்டப் பார்த்து, அதற்குத் தேவையான ஃபோர்ட்ரான் மொழியின் கம்பைலர் இல்லை என்று நின்றுவிட்டது. இரண்டு இரவுகள் அந்தக் கம்பைலர் பின்னாலேயே அலைந்தேன். சிக்கல் அங்கே இல்லவே இல்லை.

^3.9 என்றால் 3.9 முதல் 4.0-க்குக் கீழே உள்ள எல்லாமே. என் லேப்டாப்பில் இருப்பது 3.10 என்று பார்த்து போயட்ரி முடிவெடுப்பதில்லை. நான் எழுதிய எல்லை முழுவதற்கும் பொருந்துகிற பதிப்பைத் தேடுகிறது. சைபை 1.10.1 தனக்கு 3.8 முதல், 3.12-க்குக் கீழே என்று எல்லை போட்டிருந்தது. அப்படியானால் 3.12-இல் என் நிரலுக்கு சைபையே கிடைக்காது. அதனால் ஒவ்வொரு பதிப்பாகப் பின்னால் போய், மேல் எல்லையே எழுதாத 1.6.1-இல் நின்றிருக்கிறது. அது 3.7 முதல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. புதிய பைத்தானில் ஓடும் என்று யாரும் சோதித்துச் சொன்னதல்ல அது.

பைத்தான் பதிப்பை >=3.9,<3.12, அதாவது 3.9 முதல் 3.12-க்குக் கீழே, என்று ஒரு வரியை மாற்றினேன். 1.10.1 வந்து உட்கார்ந்தது.

நம் வீட்டில் மட்டும் ஓடுகிற நிரலுக்கு மேல் எல்லை போடலாம். பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நூலகத்துக்குப் போடக் கூடாது; அது அடுத்தவரைப் பழைய பதிப்புக்குத் தள்ளிவிடும். சைபையும் பிற்பாடு அந்த எல்லையை எடுத்துவிட்டது. போயட்ரிக்குப் பதிலாக இப்போது நான் மாறியிருக்கும் யூவி என்ற பேக்கேஜ் மேனேஜர், சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் அறிவிக்கும் பைத்தான் எல்லையில் கீழ்ப்பகுதியை மட்டுமே பார்க்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

கீழ் எல்லையிலும் ஒருமுறை அடி வாங்கினேன். மே மாதம் நிரலில் மேட்ச்-கேஸ் என்ற கட்டளை அமைப்பை எழுதினேன், அது பைத்தான் 3.10-இல்தான் வந்தது. லேப்டாப்பில் நன்றாக ஓடியது, மாடியில் 3.9 என்பதால் சின்டாக்ஸ் எரர் (நிரலின் இலக்கணப் பிழை). மூன்று நாள் பதிவு போயிற்று. குயில் ஓயாமல் கூவுகிற காலம், மனசு கேட்கவில்லை. நாம் எழுதும் எண்ணை பேக்கேஜ் மேனேஜர் அப்படியே நம்புகிறது, நிரலுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. அப்புறம் எப்போதும் கீழ் எல்லைப் பதிப்பில் சோதனைகளை ஓட்டிவிட்டுத்தான் மாடிக்கு அனுப்புகிறேன்.

மாடிக் கருவி இப்போது அதன் இயங்குதளத்தின் புக்வர்ம் பதிப்பில், பைத்தான் 3.11. கீழ் எல்லையையும் அதற்கே உயர்த்திவிட்டேன். இந்த வாரம் 3.13-இலும் சோதனைகள் தேறின. வடிகட்டியில் ரயில் ஹாரன்தான் இன்னும் பாக்கி.