கண்டிக்குக் கொண்டுபோன மெழுகுதிரி

பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வழுக்குச் சரிவொன்றில் கொழுந்துக் கூடையோடு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அம்மா, மறுபடி எழுந்து நடந்தால் புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாளன்று கண்டிக்கு வந்து மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருந்தார். நடக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும் வாய்க்காத பயணம், இந்த ஜனவரி 16ஆம் திகதிதான் கைகூடியது.

அம்மாவுக்கு அடிகளார்மீது தனிப் பிரியம். 1687இல், கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியவர் அவர் என்று மறைக்கல்வியில் கேட்ட நாளிலிருந்து, "கூலிக்காரன் வேஷத்துலதானே வந்தாரு, அப்போ நம்ம சாமிதான்" என்பார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலி முகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததை, தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்துத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவரும் அவரே.

பொங்கல் முடிந்த கையோடு வரும் திருநாள் என்பதால், வேலைக்குத் திரும்பும் பிள்ளைகளால் ஹட்டன் பஸ் நிலையம் நிரம்பி வழிந்தது. நாவலப்பிட்டி வரை அம்மா நின்றுகொண்டே வந்தார். கண்டியில் இறங்கியதும் ஓட்டோக்காரர் ஒருவர் அவரது நடையைப் பார்த்துவிட்டு மும்மடங்கு கூலி கேட்டார்; மெழுகுதிரி விற்பவரோ திரியைக் கையில் திணித்த பிறகே விலையைச் சொன்னார். புண்ணியத் தலங்களில் இந்த வியாபாரம் எந்த மதத்திலும் மாறாது போலும்.

புனித அந்தோனியார் பேராலயத்தினுள் நிற்கவும் இடமில்லை. அம்மாவின் கால் முழுவதும் சரியாகவில்லையே, பிறகு எதற்காக இந்த நேர்த்தி என்ற முணுமுணுப்போடுதான் நான் நின்றிருந்தேன். நற்கருணை ஏந்திய கதிர்ப்பாத்திரம் பீடத்தில் வைக்கப்பட்டு, சாம்பிராணி எழுந்து, மணி ஒலித்தபோது எல்லோரும் முழந்தாளிட்டனர். அம்மாவால் முடியவில்லை. இருக்கையின் விளிம்பைப் பற்றினார்; தேசிக்காய் தேய்த்தும் போகாத கொழுந்துக் கறை படிந்த பெருவிரல் வெடிப்புகள் என் கண்ணெதிரே இருந்தன. பிறகு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் தலைக்கயிற்றைத் தளர்த்திக் கூடையை இறக்கக் குனிவாரே, அதேபோல் இடுப்பிலிருந்து மெல்லக் குனிந்து அப்படியே நின்றார். நாள் முழுவதும் புனிதர்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டேயிருக்கும் அவருடைய உதடுகள் அப்போது அசையவில்லை.

புனிதர்களுக்கு வணக்கம், ஆராதனை இறைவனுக்கு மட்டும் என்று சிறு வயதில் மனப்பாடம் செய்த பாடத்தை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். கடவுளின் இரக்கத்தை முன்னிட்டு உங்கள் உடலையே உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதை வாசித்திருக்கிறேன். அந்த உடல் முறிந்து பொருந்தியதாகவும் இருக்கலாம் என்று எண்ணியதில்லை. இந்த மலையிலுமல்ல, எருசலேமிலுமல்ல, ஆவியிலும் உண்மையிலும் தந்தையை வழிபடும் காலம் வருகிறது என்று, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் சொன்னாரே, அவளும் குடம் சுமந்து களைத்தவள்தான்.

அதன்பிறகு நடந்த திருப்பலியை என்னால் வரிசையாகச் சொல்ல இயலாது. அம்மாவைக் கம்பளியில் தூளிகட்டித் தார்வீதிவரை சுமந்த லயத்து ஆண்களுக்காக, ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் அருகில் இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்காக, குறையோடாவது நடக்கும் அந்தக் காலுக்காக நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்க வந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் மெழுகுதிரி ஏற்றப்படவே இல்லை என்பது தெரிந்தது. நெரிசலில் அது இரண்டாக முறிந்து பைக்குள் கிடந்தது. நேர்ந்தது நிறைவேறவில்லையே என்று நான் பதறினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு வீடு வந்ததும் இரு துண்டுகளையும் தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, வீட்டுப் பீடத்தில் நிறுத்தி ஏற்றிவிட்டு, வழக்கம்போல் செபமாலையைத் தொடங்கினார்.