வானமே தட்டு, கையிலும் ஒரு தட்டு

தட்டில் விளக்குகள் எரிந்தன. நகரா முரசு அதிர்ந்தது. என்னை அறியாமலே கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திறந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபி மூதாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு தவிப்பு இருந்தது. "எங்கள் ஊர் குருத்வாராவில் இப்படி விளக்கு சுற்ற மாட்டோம், மகளே" என்று தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னார்.

மகாராஷ்டிரத்தின் நாந்தேட். இங்குள்ள தக்த் ஹஜூர் சாகிப், சீக்கியரின் தலைமைப் பீடங்களில் ஒன்று. பத்தாவது குரு கோபிந்த் சிங் 1708 அக்டோபரில் உடலை விட்ட இடம். இனி மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று அவர் அறிவித்ததும் இங்கேதான். ஐந்து காசும் ஒரு தேங்காயும் வைத்து கிரந்தத்தை வணங்கினார் என்பது மரபு. தேங்காய் என்று கேட்டதுமே எனக்கு அந்த இடம் நெருக்கமாகிவிட்டது.

சென்னையிலிருந்து கிளம்பி, காச்சிகுடாவில் ரயில் மாறி வந்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அமிர்தசரஸ் போய் வந்ததிலிருந்தே இந்த ஆசை. பொற்கோயிலில் தீபாராதனை கிடையாது, சிலை கிடையாது. பாட்டு உண்டு, தண்ணீர் உண்டு, நடுவில் கிரந்தம் உண்டு. இரவில் அந்த கிரந்தத்தைப் பல்லக்கில் அகால் தக்துக்கு எடுத்துப் போய் ஓய்வெடுக்க வைக்கிறார்கள். நம் கோயில்களில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுவாரே, அதே பரிவு. சீக்கியம் என்றால் இதுதான் என்று மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். நாந்தேடுக்கு வந்த முதல் சாயங்காலமே அந்தப் படம் போதாது என்று தெரிந்துவிட்டது.

இங்கே குரு கிரந்த் சாகிபுக்குப் பக்கத்திலேயே, பத்தாவது குருவின் பெயரால் வழங்கும் தசம் கிரந்தத்துக்கும் ஆசனம் இருக்கிறது. குருவின் உடலுக்குத் தீ மூட்டிய இடத்தை அங்கீட்டா சாகிப் என்கிறார்கள். அந்த உள்ளறையில் அவருடைய ஆயுதங்கள் இருக்கின்றன. ஆரத்தி முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சபைக்குக் காட்டுகிறார்கள். வாளுக்குச் சந்தனம் இடுவதும் உண்டு. தசரா போன்ற விழாக்களில் ஆட்டை ஒரே வெட்டில் பலியிடும் வழக்கமும் இன்றுவரை இருக்கிறது.

அந்த அம்மாவின் தவிப்புக்கு இதெல்லாம்தான் காரணம். 1945-இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட ரெஹத் மரியாதா என்ற நடைமுறை விதிகளில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. விளக்கும் தூபமும் காட்டி ஆரத்தி எடுப்பது குருவின் வழி அல்ல. குரு கிரந்த் சாகிபுக்குச் சமமாக வேறு எந்த நூலையும் வைக்கக் கூடாது. அதன்படியே வளர்ந்தவர் அவர். தன் குரு மறைந்த மண்ணுக்கு ஆசை ஆசையாக வந்தால், செய்யக் கூடாது என்று கற்ற இரண்டுமே கண் முன்னால் நடக்கின்றன. பாவம், யாரைக் கேட்பார்?

மறுநாள் காலை லங்கர் என்ற பொதுச் சமையல்கூடத்தில் ரொட்டி உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நானே கேட்டேன். நல்ல தெலுங்கு பேசினார். நிஜாம் காலத்தில் ஹைதராபாத் படையில் வேலை பார்த்த சீக்கியர்களின் வழிவந்த குடும்பமாம். தக்னி சீக்கியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். "அம்மா, விதிப் புத்தகம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே எங்கள் தாத்தாக்கள் இங்கே விளக்கேற்றி வருகிறார்கள். அதை நிறுத்தச் சொன்னால் நாங்கள் எங்கே போவோம்?" மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பஞ்சாபின் குருத்வாராக்கள் 1925 சட்டத்தின் கீழ் கமிட்டியிடம் வந்தன. நாந்தேட் அப்போது நிஜாமின் ஊர். அந்தச் சட்டம் இங்கே எட்டவில்லை. 1956-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சீக்கியரின் ஐந்து தக்துகளில் மூன்று பஞ்சாபில் உள்ளன. வெளியே இருப்பவை பாட்னாவும் ஹஜூர் சாகிபும். இரண்டிலும் தனி மரியாதா நடப்பது தற்செயல் இல்லை. இன்றைய கோயில் கட்டடத்தை 1830-களில் எழுப்பியவர் மகாராஜா ரஞ்சித் சிங். அதாவது பஞ்சாபின் அரசர் கட்டிக் கொடுத்த கோயில், பஞ்சாபில் பின்னால் வந்த சீர்திருத்தம் தொடாமல் அப்படியே நின்றுவிட்டது.

சரி, அப்படியானால் பழையதுதான் அசலா? அந்தப் பெரியவரின் பேச்சில் மனம் கரைந்தாலும், அதை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. சீர்திருத்தக்காரர்கள் வீம்புக்காகக் கிளம்பவில்லை. 1905 வரை பொற்கோயில் வளாகத்திலேயே சிலைகள் இருந்தன. 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாக அமிர்தம் ஏற்றுச் சீக்கியரானவர்கள் பிரசாதம் கொண்டுவந்தபோது பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வழக்கம் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். கடைசியில் குரு கிரந்த் சாகிபையே திறந்து பார்த்தார்கள். அன்று வந்த வாசகம் அந்த எளியவர்களின் பக்கம் இருந்தது. பிரசாதத்தை வாங்க வேண்டியதாயிற்று. வழக்கம் என்ற சொல் ஒருவரை வாசலில் நிறுத்தப் பயன்பட்டால், அதை உடைப்பதுதான் மரபு. குரு நானக் செய்ததும் அதுதானே. இதைப் படித்த நாள் முதல் ரெஹத் மரியாதா மீது எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் அந்த விதிப் புத்தகமும் கோடு கிழிப்பதில் சிரமப்பட்டிருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு குருத்வாராவிலும் சொல்லப்படும் அர்தாஸ் பிரார்த்தனையின் தொடக்க வரிகள் தசம் கிரந்தத்தின் சண்டி தி வாரிலிருந்து வந்தவை. தினமும் விடியலில் ஓதும் ஜாப் சாகிபும் அதில் உள்ளதுதான். அதற்குள் எந்தப் பகுதி குருவின் வாக்கு, எது பிறருடையது என்று அறிஞர்கள் நூறு வருடமாக வாதாடுகிறார்கள். நாந்தேட்காரர்கள் முழுதுக்கும் ஆசனம் போட்டு வைத்திருக்கிறார்கள். பஞ்சாபில் ஆசனம் இல்லை, ஆனால் அதன் வரிகள் நாவில் இருக்கின்றன.

தக்காணம் சீக்கியத்துக்கு வெளிமண் என்று நினைப்பதும் தவறு. குரு கிரந்த் சாகிபின் 1430 பக்கங்களில் குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. இதே மராட்டிய மண்ணின் நாம்தேவர் பாடியவை மட்டும் 61 இருக்கின்றன. அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் நர்சி, பக்கத்து ஹிங்கோலி மாவட்டத்தில்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நானாகவே போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை விளக்கை விட்டுவிட்டுப் பாட்டைக் கவனித்தேன். ஜகந்நாதரின் பூரியில் ஆரத்தியைக் கண்டு குரு நானக் பாடியதாகச் சொல்லப்படும் பாடல் அது. வானம்தான் தட்டு. சூரியனும் சந்திரனும் விளக்குகள். விண்மீன் கூட்டம் முத்துக்கள். மலயக் காற்று தூபம், வீசும் காற்றே சாமரம், காடெல்லாம் பூக்கள். இதற்கு மேல் என்ன ஆரத்தி வேண்டும் என்கிறார். மலயம் என்றதும் எனக்குப் புல்லரித்தது. அது நம் பொதிகைப் பக்கத்துச் சந்தனக் காற்று அல்லவா? நாம் மலயமாருதம் என்கிறோமே, அது. தெற்கே வீசும் காற்றை நானக் தன் தூபக்காலில் போட்டுவிட்டார்.

விளக்கே வேண்டாம் என்ற பாட்டை விளக்கோடு பாடுகிறார்களே, முரண் இல்லையா? முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் நாள் தோன்றவில்லை. தட்டைச் சுற்றிய கிரந்தி என்ற ஓதுவாரின் முகத்தைப் பார்த்தேன். சூரியன் முன்னால் அகல் ஏற்றுகிறவனின் பணிவு அதில் இருந்தது. அதே நேரம், அந்தத் தட்டே பூசையாகிவிட்டால் நானக்கின் பாட்டு காதில் விழாமல் போகும் என்ற பயமும் நியாயமானது. அந்தப் பயத்தை எனக்குள் விதைத்தவர் பக்கத்திலிருந்த அம்மாதான். அதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்கூடத் தப்பாமல் பாடினார். தட்டு சுற்றி முடியும்வரை கண் திறக்கவே இல்லை. ஆயுதங்களை எடுத்துக் காட்டியபோதுதான் திறந்தார். குருவின் வாளைக் கண்டதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் நகீனா காட் என்ற படித்துறைக்குப் போனேன். தினமும் இருட்டோடு இருட்டாக, கோதாவரியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து, தோளில் சுமந்து போய் தக்தைக் கழுவுவது இங்கே வழக்கம். இதுவும் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதது. நான் போனபோது குடம் போய்விட்டிருந்தது. படிக்கட்டின் கடைசியில், சல்வாரை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார். கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில்.

"ஊருக்கு எடுத்துப் போகவா மாதாஜி?" என்றேன்.

"பேத்திக்கு" என்றார். "குருவின் இடத்தைக் கழுவுகிற தண்ணீர் ஆயிற்றே." பிறகு மூடியை என் கையில் கொடுத்துவிட்டு, பாட்டில் நிரம்புவதற்காகக் குனிந்தார்.