ஷிவர்: குளிருக்கும் பயத்துக்கும் ஒரே சொல்

ஆங்கிலச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஷிவர்'. குளிரில் உடல் வெடவெடப்பதற்கும் பயத்தில் குலை நடுங்குவதற்கும் அது ஒன்றே போதும். காய்ச்சல் வார்டில் செவிலியாக இருப்பதால் நடுக்கம் எனக்கு அன்றாடக் காட்சி. மலேரியா நோயாளிக்கு குளிர் கண்டுவிட்டால், எத்தனை கம்பளி போர்த்தினாலும் கட்டிலே ஆடும். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். தாடையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து 'ஷிவர்' பிறந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்வதை, அந்தப் பற்களின் சத்தத்தைக் கேட்டவர்கள் உடனே நம்புவார்கள்.

இதே உச்சரிப்பில் வேறொரு 'ஷிவர்' உண்டு. அதற்குச் சிம்பு, சில்லு என்று பொருள், வேரும் வேறு. 1883இல் நூலாக வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலில் கடற்கொள்ளையன் சில்வர் "ஷிவர் மை டிம்பர்ஸ்" என்பது நடுக்கத்தைப் பற்றியதன்று, கப்பல் மரங்கள் சிதறுவதைப் பற்றியது.

குளிரையும் பயத்தையும் மொழி சும்மா சேர்த்துவைக்கவில்லை. குளிரில் தசைகள் விடாமல் சுருங்கித் தளர்ந்து வெப்பம் உண்டாக்குகின்றன. பயத்தில் அட்ரினலின் சுரந்து கைகால் உதறுகிறது. இரண்டிலும், நம் விருப்பத்தைக் கேளாமல் தானே இயங்கும் 'பரிவு நரம்புகள்' (சிம்பதெடிக் நரம்புகள்) முடியின் வேரிலுள்ள சின்னத் தசைகளை இழுப்பதால் மயிர் குத்திட்டு நிற்கிறது. லத்தீனில் 'ஹொரேரே' என்றால் மயிர் சிலிர்த்தல், நடுங்குதல், அஞ்சுதல் எல்லாமே. 'ஹாரர்' அதன் பிள்ளை. மயிர்க்கூச்சுக்கு மருத்துவம் வைத்திருக்கும் 'ஹாரிபிலேஷன்' என்ற பெயரும் அதே வீட்டுப் பிள்ளைதான்.